மூளை என்று சொன்னாலே "பீஸ் எவ்வளவு?" என்கிறார்கள்

அல்சூர்க்காரி:
பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எல்லாம் எட்டாவது, ஒன்பதாவது. ஒரு நாள் மூளையைப் பற்றிப் பேசலாம் என்றால் பெற்றோர் முறைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஒருவர் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்', அதாவது நடுமூளையைத் தட்டி எழுப்புகிறேன் என்று, வகுப்பு நடத்தினார். கண்ணைக் கட்டிக்கொண்டே பிள்ளைகள் படிப்பார்களாம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. அவரைத் தெருவுக்கு அழைத்து வந்ததே நான்தான். இனி எந்த முகத்தோடு ஆரம்பிப்பது?

ஓசூர் ரோட்டுத் தம்பி:
அக்கா, அந்தக் கண்கட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். துணி கட்டினாலும் மூக்கோரம் சின்ன இடைவெளி இருக்கும், மடியில் வைத்த எழுத்து அதன் வழியே தெரியும். பெற்றோர் முன்னால் பிள்ளைகளே செய்து காட்டட்டும். பிறகு அந்த இடத்தைப் பஞ்சால் அடையுங்கள், வித்தை முடிந்தது. நடுமூளை பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பப் பீஸ் வேண்டாம்.

அடுத்து ஒரு தாள். இடது பக்கம் கூட்டல் குறி, வலது பக்கம் எட்டு செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், சுமார் முப்பது செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. அந்த ஓட்டையை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் சொல்வதை நம்பத் தேவையில்லை, அவரவர் கண்ணே சாட்சி.

முடிந்தால் நம்ம ஊர் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) மூளை அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். உண்மையான மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். நான் கொழகொழவென்று எதிர்பார்த்தேன், கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இருந்ததால் ரப்பர் போலக் கெட்டியாக இருந்தது. யாரோ ஒரு குடும்பம் மனசு வந்து கொடுத்தது என்றதும் எங்கள் கூட்டத்தில் சத்தமே இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
வலிப்புக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என் மகனுக்கு வகுப்பில் வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது, மணி பார்க்கணும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. என் மகனே வந்து சொல்வான், கேட்டுவிட்டேன்.

அல்சூர்க்காரி:
சரி தம்பி, பஞ்சு வாங்கிவிட்டேன். முதலில் என் கண்ணைத்தான் கட்டச் சொல்லப் போகிறேன். அம்மா, மகனுக்கு ஞாயிறு பத்து மணி வசதிப்படுமா?