சாண்டரில் பேட்டரி லாக் ஆன பிறகும் ஆடுகிறது: டேப் ஒட்டலாமா, கூடாதா?

பலகைப்பித்தன்
என்னிடம் இருப்பது 18 வோல்ட் கார்ட்லெஸ் ரேண்டம் ஆர்பிட் சாண்டர், உப்புத்தாளைச் சுழற்றிப் பலகையை வழவழப்பாக்கும் மெஷின். பேட்டரி மெஷினின் காடியில் (அது ஏறும் நீளப் பள்ளத்தில்) சறுக்கிப் போய் 'டக்'கென்று லாக் ஆகிறது. பட்டனை அமுக்காமல் இழுத்தால் வராது. ஆனால் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் மயிரிழை அளவு ஆட்டம் தெரிகிறது. மெஷின் ஓடும்போது அந்த இடத்திலிருந்து கடகடவென்று சத்தம் வேறு. காடியின் இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் ஒட்டி இறுக்கிவிடச் சொல்கிறார் ஒருவர். கை வைக்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

இழைப்புளி
தாராளமாக ஒட்டுங்கள். டிரில்லில் அந்த ஆட்டம் இருந்தால் நானும் பேசாமல் விட்டிருப்பேன். சாண்டர் விஷயம் வேறு. நிமிடத்துக்கு 11,000 முறை ஆர்பிட் (சின்ன வட்டம்) அடிக்கும் மெஷின் என்றால் நொடிக்கு 180க்கும் மேல். அத்தனை முறையும் பேட்டரி மயிரிழை முன்னே போய்ப் பின்னே வருகிறது. அந்த அடியைத் தாங்குவது லாக்கின் கொக்கி ஒன்றுதான். கொக்கியின் முன்பக்கம் சரிவாக இருக்கும், பின்பக்கம் செங்குத்தாக இருக்கும். அந்தச் செங்குத்து முனை தேய்ந்து உருண்டுவிட்டால் பேட்டரி வேலை நடுவில் நழுவ ஆரம்பிக்கும். ஆட்டத்தை முளையிலேயே கிள்ளிவிடுவதுதான் நல்லது.

ஓம்விதி
கொக்கி தேய்வது பற்றி இழைப்புளி அண்ணன் சொல்வது சரி. டேப் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பேட்டரியைத் திருப்பி அதன் வாயைப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு ஸ்பிரிங் தகடுகள் எதிரெதிராக நிற்கும். மெஷின் பக்கத்தில் இருக்கும் தட்டையான பிளேடு அந்த இரண்டுக்கும் நடுவில் நுழையும். இரண்டும் ஒரே விசையில் கவ்வினால்தான் நல்ல காண்டாக்ட். காடியில் ஒரு பக்கம் டேப் தடித்துவிட்டால் பேட்டரி முழுவதும் அந்த அளவுக்கு ஒதுங்கும். பிளேடு ஒரு தகட்டை நெருக்கிக்கொண்டு நிற்கும், இன்னொரு தகடு பட்டும் படாமலும் இருக்கும். பல மெஷின்களில் பிளேடு இருக்கும் அட்டையையே கொஞ்சம் அசையவிட்டுப் பொருத்துவார்கள், பேட்டரி அசைந்தால் பிளேடும் சேர்ந்து அசையட்டும் என்று. நீங்கள் ஆட்டம் என்று பார்ப்பதில் ஒரு பங்கு வேண்டுமென்றே விட்ட இடைவெளி.

இழைப்புளி
வேண்டுமென்றே விட்டது என்றால் சத்தம் ஏன் வருகிறது? தயாரிப்பில் வரும் கூடுதல் குறைச்சலுக்காக விட்ட இடைவெளியை நல்ல குணம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உப்புத்தாள் ஒட்டும் அடித்தட்டான பேட் ஆர்பிட் அடிப்பது பலகைக்கு இணையான தளத்தில். பின்பக்கமிருந்து படுக்கையாகச் சறுக்கி ஏறும் பேட்டரியின் பாதையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. அதாவது அதிர்வு பிளேடை நீளவாக்கில் தகட்டுக்குள் உரசுகிறது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளில் கழுத்து நீண்டு கைப்பிடிக்குள் நேராக ஏறும். இன்றைக்கும் சில 12 வோல்ட் கருவிகளில் அந்த அமைப்பு இருக்கிறது. கழுத்து முழுவதையும் கைப்பிடி தழுவிக்கொள்வதால் ஆட இடமே இல்லை. சாண்டருக்கு அதுதான் பொருத்தம் என்று இன்றைக்கும் சொல்வேன். காடியில் சறுக்கும் அமைப்பு எல்லாக் கருவிக்கும் ஒரே பேட்டரி என்ற வசதிக்காக வந்தது.

ஓம்விதி
நீளவாக்கில் உரசுகிறது என்பதை மறுக்கவில்லை. அந்த உரசலில் முலாம் சுரண்டப்பட்டு, அந்தத் தூள் ஆக்சைடு ஆகி, காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் (தொடும் இடத்தில் கரண்ட்டுக்கு வரும் தடை) ஏறுகிறது. 10 ஆம்பியர் ஓடும்போது காண்டாக்ட் 10 மில்லி ஓம் இருந்தால் அந்த இடத்தில் 1 வாட் சூடு. 100 மில்லி ஓம் ஆனால் 10 வாட். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 10 வாட் என்றால் பிளாஸ்டிக் இளகும். கருத்த பிளேடுகளும் உருகிய துளை ஓரங்களும் அப்படி வருவதுதான்.

ஆனால் இதற்கு டேப் மருந்து இல்லை. டேப் தடுப்பது பக்கவாட்டு, மேல் கீழ் ஆட்டத்தை. முன் பின் ஆட்டத்தைக் காடி தடுப்பதில்லை, கொக்கிக்கும் அது விழும் குழிக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது. காடியில் எத்தனை சுற்று ஒட்டினாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

தேக்குமகள்
இரண்டு பேரும் லாக்கையே பேசுகிறீர்கள். அதில் தொங்கும் எடையை யாரும் கேட்கவில்லையே. பலகைப்பித்தன், எந்த பேட்டரி போடுகிறீர்கள்? 5 செல் உள்ள சின்னதா, 10 செல் உள்ள பெரியதா?

18 வோல்ட் என்றால் 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக. பெரிய பேட்டரியில் அதே வரிசை இரட்டையாக இருக்கும். வோல்ட் ஏறாது, எடை ஏறும். சின்னது ஏறக்குறைய 400 கிராம், பெரியது 600 கிராமைத் தாண்டும். அது பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கும்போது கொக்கிக்கு வரும் நெம்பு எவ்வளவு என்று பாருங்கள். சத்தம் மட்டும் இல்லை, மெஷினின் பின்பக்கம் அழுந்தி பலகையில் பிறை பிறையாகத் தடம் விழும். வார்னிஷ் ஏற்றிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

பலகைப்பித்தன்
பெரியதுதான், கொள்ளளவு 5 ஆம்பியர் அவர். சின்னதைப் போட்டால் ஒரு மேசைப்பலகை முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

தேக்குமகள்
கணக்கு அப்படித்தான் வரும். முழு லோடில் 180 வாட் இழுத்தால் 2 ஆம்பியர் அவர் பேட்டரி 12 நிமிடம், 5 ஆம்பியர் அவர் அரை மணி. ஆனாலும் சின்னது இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள் என்பேன். உப்புத்தாள் மாற்றும்போது எப்படியும் பேட்டரியைக் கழற்றத்தானே வேண்டும்? கையேடு எல்லாவற்றிலும் அதைத்தான் சொல்கிறார்கள், விரல் தெரியாமல் சுவிட்சில் பட்டுவிடக் கூடாது என்று. கழற்றியதைத் திரும்பப் போடாமல் அடுத்ததைப் போடுங்கள்.

ஃபெஸ்டூல் நிறுவனம் தன் இடிஎஸ்சி 125 சாண்டருக்கென்றே உடம்போடு சேர்ந்து கைப்பிடி போல அமையும் தனி பேட்டரி செய்தது. கரண்ட்டில் ஓட்ட வேண்டுமானால் அந்த இடத்திலேயே வயர் அடாப்டர் ஏறும். சாண்டருக்கு பேட்டரி எப்படி உட்கார வேண்டும் என்று அக்கறையோடு யோசித்த வேலை அது.

இழைப்புளி
அந்த பேட்டரியின் வடிவம் சாண்டருக்கென்றே ஆனது. மற்ற வேலைக்கு வேறு பேட்டரி வாங்கி வைக்க வேண்டும். 2018இல் மெட்டாபோ நிறுவனம் தொடங்கிய கூட்டணி போல, பல நிறுவனக் கருவிகளுக்கும் ஒரே பேட்டரி என்று வந்திருக்கும் காலம் இது. எல்லோராலும் கருவிக்கொரு பேட்டரி வாங்கி அடுக்க முடியாது.

சரி, டேப் முன் பின் ஆட்டத்தை நிறுத்தாது என்கிறீர்கள். ஒப்புக்குக் காடியை விட்டுவிடுகிறேன். பேட்டரி போய் முட்டும் சுவரில் மெல்லிய ரப்பர் ஒரு துண்டு ஒட்டினால்? அது பேட்டரியைப் பின்னால் தள்ளிக் கொக்கியோடு இறுக்கிப் பிடிக்கும்.

ஓம்விதி
அதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ரப்பர் தடிப்பு கால் மில்லி கூடினாலும் கொக்கி குழிக்குள் முழுதாக விழாது, பாதியில் நிற்கும். 'டக்' சத்தம் கேட்கும், கையால் இழுத்தாலும் வராது, ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது கொக்கியின் நுனி மட்டும். மகிடா பேட்டரி பட்டனின் மேல்பக்கத்தில் சிவப்பு அடையாளம் வைத்திருப்பது இதற்காகத்தான். சிவப்பு தெரிந்தால் முழுதாக லாக் ஆகவில்லை என்று கையேட்டிலேயே இருக்கிறது. அந்த அடையாளம் இல்லாத பேட்டரியில் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? போஷ் 18 வோல்ட் கருவிகளில் இரண்டு நிலை லாக் வைத்தார்கள், பட்டன் தவறி அமுங்கினாலும் பேட்டரி கீழே விழாமல் அடுத்த நிலையில் நிற்கட்டும் என்று. இப்படி யோசித்து வைத்த அளவுகளை ரப்பர் ஒட்டிக் குலைக்காதீர்கள்.

பலகைப்பித்தன், ஒட்டுவதற்கு முன்னால் துடையுங்கள். பேட்டரியைக் கழற்றி, கொக்கி விழும் குழியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். சாண்டர் தூள் மாவு போல நைசானது. அது குழியில் இறுகிவிட்டால் ரப்பர் ஒட்டியதும் அதுவும் ஒன்றுதான். உலர்ந்த பிரஷ் போதும். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், அடுத்த தூளை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்போ அலுமினியமோ தேய்ப்பவர் என்றால் இரட்டிப்பு கவனம், அந்தத் தூள் டெர்மினல்களுக்கு (கரண்ட் போகும் பிளேடு, தகடுகளுக்கு) குறுக்கே கரண்ட்டைக் கடத்தும்.

பலகைப்பித்தன்
பார்த்தேன். குழியின் மூலையில் தூள் கட்டி தட்டிப் போயிருந்தது. பல் குத்தும் குச்சியால் நெம்பினால் பிஸ்கட் துண்டு போல உடைந்து வந்தது. இப்போது லாக் ஆகும் சத்தமே கனமாக இருக்கிறது, பட்டன் முன்பைவிட மேலே எழும்புகிறது. பிளேடு மூன்றில் ஒன்றின் நுனியில் மட்டும் லேசாகப் பழுப்பு. சின்ன பேட்டரியில் சத்தம் இல்லை. பெரியதில் குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஓம்விதி
அந்தப் பழுப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். பெரியதைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் கழற்றி பிளேடைத் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் ஓட்டலாம். ஒன்று மட்டும் சுட்டால் டெர்மினல் அட்டையை மாற்ற வேண்டும், பெரும்பாலான சாண்டர்களில் அது தனி உதிரிப் பாகமாகக் கிடைக்கும்.

இழைப்புளி
மூன்றும் ஒரே சூடு வராது. நடுவில் இருக்கும் பிளேடு பல பேட்டரிகளில் தகவலுக்கு மட்டும்தான், மோட்டார் கரண்ட் அதில் போகாது. ப்ளஸ், மைனஸ் இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். பலகைப்பித்தன், பழுப்பு ஏறியது எந்த பிளேடு? ஓரத்தில் உள்ளதா, நடுவா?