முற்றுகைக்குள் இருந்து தப்பி வந்தவர்களை நம்ம ஊரில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

எக்ஸ்ரே தம்பி, கோவை:
எம்ஆர்ஐ அறைக்குள் அனுப்புவதற்கு முன்னால் எல்லாரிடமும் கேட்பதுதான், உடம்புக்குள் பிளேட், ஸ்குரூ, வேறு ஏதாவது உலோகம் இருக்கிறதா என்று. இடுப்பு வலிக்கு வந்த, இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு அக்கா, "எத்தின துண்டு எண்டும் சொல்ல வேணுமோ தம்பி?" என்றார். எக்ஸ்ரேயில் ஷெல் துண்டுகள் தொடையில் மூன்று, முதுகுத்தண்டை ஒட்டிக் கடுகளவு ஒன்று. காந்தத்தில் நகர்ந்தால் வம்பு என்று டாக்டர் சிடி ஸ்கேன் போதும் என்றுவிட்டார். 2009 ஏப்ரல், இலங்கைப் போரின் கடைசிக் கட்டம், புதுமாத்தளன். செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள், கூட ஒருவர்தான் வரலாம், தங்கச்சி சின்னவள் என்று அவளைக் கூட்டிக்கொண்டாராம். "காயப்பட்ட ஆக்களுக்குத்தானே கப்பல். அம்மாக்கு ஒரு காயமும் இல்ல." இதைச் சொல்லும்போது அவர் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் ஆகிறது, அந்தக் கடைசி வரி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

சோமனூர் தறிக்காரன்:
2012 கரண்ட் கட் ஞாபகம் இருக்குங்களா? பகலில் பாதி நேரம் தறி நின்றுகிடக்கும். எங்களிடம் தறிக்கு நூல் தார் சுற்ற வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ளவே மாட்டார். ஒருநாள் ராத்திரி என் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ ஒயரை ரேடியோவில் சொருகிச் செய்தி கேட்க வைத்தார். 1990க்கு அப்புறம் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பேட்டரியையும் அரசாங்கம் உள்ளே விடாதாம். ஜாம் பாட்டிலில் பஞ்சுத்திரி போட்டுத்தான் படித்தாராம். 1995 அக்டோபர் 30 ராத்திரி, ராணுவம் நெருங்கி வர, ஊரே காலி செய்து நாவற்குழிப் பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தபோது, மழைத் தண்ணியைக் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக் குடித்தோம் என்றார். நான் எங்கள் கரண்ட் கட் மறியல் கதையை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

நாமக்கல் 72:
தலைப்பில் முற்றுகை என்று இருக்கிறது, நான் நகரத்தைத்தான் நினைத்தேன். புதுமாத்தளன் கடற்கரைக் கிராமம் அல்லவா? சரி, விடுங்கள். எங்கள் வீதிப் பெண் உக்ரைனில் சுமியில் மெடிக்கல் படித்தது. குழாய் நின்றுபோய், பனியை வாளியில் அள்ளி உருக்கிக் குடித்து, 2022 மார்ச் 8ல்தான் பஸ் ஏற்றினார்கள். வந்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். டிரம், குடம், சொம்பு, சாமி ரூம் பஞ்சபாத்திரம் வரைக்கும் தளும்பத் தளும்பத் தண்ணி. அவள் அப்பா ஒன்றைக் கொட்டப் போக, அந்தப் பிள்ளை போட்ட சத்தம் வீதிக்கே கேட்டது. இத்தனை லட்சம் கட்டி அவ்வளவு தூரம் அனுப்பத்தான் வேண்டுமா என்று தோன்றியது.

ஈரோடு வாத்தியார்:
நாமக்கல் ஐயா, நகரமா கிராமமா என்று இப்போது அளக்க வேண்டுமா? இலங்கையில் சண்டை முடிந்தபோது வவுனியா பக்கம் மெனிக் ஃபார்ம் முகாம்களில் அடைபட்டவர்கள் கிட்டத்தட்ட 3 லட்சம், நம் ஈரோடு மாநகராட்சியில் பாதிக்கு மேல். அதோடு, படிக்கப் போன பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். அதற்குப் பஸ்ஸாவது வந்தது. அதே மாதம் அதே உக்ரைனில் மரியுபோல் நகரத்தில், 'குழந்தைகள்' என்று தரையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த நாடக அரங்கின் மேலேயே குண்டு விழுந்தது.

பெருந்துறை செல்வி:
என் அனுபவம் ரெண்டு வரிதான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் என் பக்கத்தில் இருந்த வன்னி அக்கா, மதியம் சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிடுவார், சாயங்காலம் வரைக்கும் தூக்குப்போசியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் ஒன்று சொல்கிறேன். முற்றுகையில் குண்டு பட்டுச் செத்தவர்களைத்தான் எண்ணுகிறோம். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, கெட்ட தண்ணியில் வயிற்றுப்போக்கு வரும், டயாலிசிஸ் நிற்கும், இன்சுலின் கெடும். என் மாமியாருக்குச் சர்க்கரை, அதனால் யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன், வீட்டில் மருந்து ஒரு மாதத்துக்குக் கூடுதலாகவே வையுங்கள், ஊசி மருந்தை ஈர மண் சட்டிக்குள் வைத்தால் வெயில் காலத்தில் கொஞ்சம் தாங்கும், போர்வெல்லில் பழைய கைப்பம்பு இருந்தால் கழற்றி விற்காதீர்கள், ரேஷன் கார்டு நகலை...

சோமனூர் தறிக்காரன்:
செல்வி அக்கா, பெருந்துறையை யாரும் முற்றுகை போட மாட்டார்கள். எக்ஸ்ரே தம்பி, அந்த அம்மா என்ன ஆனார்? கேட்டீர்களா?

எக்ஸ்ரே தம்பி, கோவை:
கேட்கவில்லைங்க. அடுத்த டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.