புதுப்பிப்பு: டெக் கைப்பிடிக்கு எந்தக் கண்ணாடி என்று முடிவாகிவிட்டது

திறந்த டெக்கின் கைப்பிடித் தடுப்புக்கு 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவாக்கியது) போதுமா, லேமினேட்டட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லேமினேட்டட்தான்.

டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலுவானது, உடைந்தாலும் சிறு துண்டுகளாகத்தான் உதிரும். ஆனால் உயரத்தில் அந்த உதிர்வே சிக்கல். தடுப்பு ஒரு நொடியில் காணாமல் போய்விடும், துண்டுகள் கீழே நிற்பவர் தலையில் கொட்டும். உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் யாரும் தொடாமலே உடையவும் கூடும். ஹீட் சோக் சோதனை (கண்ணாடியைச் சூட்டில் வைத்து, உடையக்கூடியதை ஆலையிலேயே உடையவிடுவது) அந்த ஆபத்தைக் குறைக்கும், முழுக்கப் போக்காது.

எனவே 6 மி.மீ. டஃபன்டு இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. படலம், மொத்தம் 13.52. ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். படலம் எது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். பிவிபி என்ற மென்மையான பிளாஸ்டிக் படலம் வழக்கமானது, ஆனால் இரண்டு கண்ணாடியும் உடைந்தால் ஈரத்துணி போலத் தொய்ந்துவிடும், திறந்த விளிம்பில் ஈரம் ஏறினால் வெளுத்தும் போகலாம். எங்களுடையதில் மேல் கம்பி கிடையாது, விளிம்பு மழையில்தான் நிற்கும். அதனால் விறைப்பான எஸ்ஜிபி (சென்ட்ரிகிளாஸ்) படலம். நாலு பக்கமும் சட்டம் இருந்தால் பிவிபியே போதும் என்பேன்.

அப்புறம், கண்ணாடியில் துளைகளை டஃபன் செய்வதற்கு முன்பே போட்டாக வேண்டும். பிறகு துளைத்தால் நொறுங்கிவிடும். அளவு எடுத்தாயிற்று, கண்ணாடியின் அடியைப் பிடிக்கும் உலோகச் சேனலில் தண்ணீர் வடியத் துளை விடச் சொல்லியிருக்கிறேன்.