பெரியப்பாவுக்குக் கேட்க ஏதாவது வேண்டும்

குழு: செவ்வாய்ப்பேட்டை வீடு

உமா: எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கொஞ்ச நாள் புத்தகம், டிவி, ஃபோன் எதையும் பார்த்துக் கண்ணை வருத்தக் கூடாதாம். சும்மா உட்காரவைத்தால் அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிடுவார். கேட்பதற்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: பக்திப் பாட்டு போடு

வசந்தா பெரியம்மா: நேற்றே போட்டுப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னார்

சுந்தரம் மாமா: எஃப்எம்

கார்த்தி: பெரியப்பாவுக்கு எஃப்எம்மா? எஃப்எம் பாவம் மாமா

செல்வி அத்தை: அந்தக் காலத்தில் ராத்திரி 9.15 ஆனால் தமிழோசைக்காக வீடே மூச்சு விடக் கூடாது. அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்

பாலு சித்தப்பா: பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கியது அக்கா. 2017 ஏப்ரலோடு ரேடியோ ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள்.

வசந்தா பெரியம்மா: தமிழோசை கேட்ட அந்த ரேடியோ இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்

செல்வி அத்தை: பாகம் பிரித்தபோது யாருமே வேண்டாம் என்றீர்கள். அதனால் எடுத்துப் போனேன்

சுந்தரம் மாமா: பழைய இரும்புக்காரனிடம் போட்டது நான் இல்லை

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாலு சித்தப்பா: உமா, நான் சொல்வதைக் கேள். பிபிசியில் 2010இல் ஒரு தொடர் வந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் 100 பொருட்களை வைத்து உலக வரலாறு, பொருளுக்கு 15 நிமிடம். அப்போது அங்கே இயக்குநராக இருந்த நீல் மெக்ரெகர்தான் பேசுவார். இப்போதும் நெட்டில் கிடைக்கிறது. ரேடியோ என்பதால் பொருளைக் காட்ட வழியில்லை. அதனால் அது என்ன அளவு, எதில் செய்தது, யார் கைக்குப் போய் யார் கைக்கு வந்தது என்று வாயாலேயே வரைந்துகொண்டு போவார். கண் நன்றாக இருக்கும்போதே நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கிறேன். அண்ணனுக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கும். முதல் பொருள் எகிப்து மம்மி. இரண்டாவது ஆப்பிரிக்காவில் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த வெட்டுக்கல், 18 லட்சம் வருடம் பழசு. 13வது சிந்துவெளி முத்திரை. அதில்

கார்த்தி: அப்பா, நூறையும் இங்கேயே சொல்லிவிடாதீர்கள்

செல்வி அத்தை: மம்மியா? கண் ஆபரேஷன் ஆனவருக்குப் பிணத்தைப் பற்றியா போடுவாய்?

பாலு சித்தப்பா: சரி அக்கா, மம்மி வேண்டாம். 40வதில் ஆரம்பிக்கலாம். மிளகுச் சிமிழ்.

சுந்தரம் மாமா: மிளகா?

பாலு சித்தப்பா: ஆமாம் மாமா, உங்கள் சமாச்சாரம்தான். இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்று ஒரு கிராமம். 1992இல் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடிக் கொடுக்க அவருடைய நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல். ஏறக்குறைய 15,000 நாணயம், நகை, வெள்ளிக் கரண்டிகள். அதில் ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை மாதிரி ஒரு மிளகுச் சிமிழ், 10 சென்டிமீட்டர் உயரம். அடியில் ஒரு தட்டு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் மிளகை நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், இன்னொன்றில் மூடிக்கொள்ளும். 1,600 வருடத்துக்கு முந்தைய சாப்பாட்டு மேசைச் சாமான். மிளகு நம் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல் மிளகோடு திரும்பியது என்று அகநானூற்றில் இருக்கிறதே, அந்த மிளகு போய் எங்கே இறங்கியது என்று அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

கார்த்தி: சுத்தியல் கிடைத்ததா?

பாலு சித்தப்பா: கிடைத்தது. அதுவும் இப்போது மியூசியத்தில்தான் இருக்கிறது.

செல்வி அத்தை: எங்கள் வீட்டுச் சுத்தியலை பாலு போன தை மாதம் வாங்கிப் போனான். எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்

வசந்தா பெரியம்மா: 😂

சுந்தரம் மாமா: யவனனுக்கு என்ன, வந்து வாங்கிப் போய்விட்டான். இந்த வருடம் ஏற்காட்டில் சில்வர் ஓக் மேல் ஏறி மிளகு பறிக்க ஆளே கிடைக்கவில்லை. ஏணி இருக்கிறது, ஏற ஆள் இல்லை. பாதி கொடியிலேயே காய்ந்து உதிர்ந்தது. பறித்ததைக் காயப்போட்ட அன்றைக்கு மழை. வியாபாரி வந்து ஈரம் ஈரம் என்று

உமா: மாமா, வியாழக்கிழமை

சுந்தரம் மாமா: கார் நான் கொண்டுவருகிறேன். 6 மணிக்கு ரெடியாக இருங்கள்

செல்வி அத்தை: கார் சர்வீஸுக்கு விட்டிருக்கிறது

உமா: சித்தப்பா, அது இங்கிலீஷ்தானே? அப்பா பேப்பர் படிப்பார். பேச்சு வேகமாகப் போனால் பிடிபடாது.

பாலு சித்தப்பா: நிதானமாகத்தான் பேசுவார். வேண்டுமானால் நானே ஒவ்வொன்றையும் கேட்டுத் தமிழில் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன்.

கார்த்தி: அவர் 15 நிமிடத்தில் சொன்னதை நீங்கள் சொன்னால் 40 நிமிடம். இந்தக் குரூப்பில் மட்டும் போட வேண்டாம்

பாலு சித்தப்பா: நம் ஊர்ச் சங்கதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்த வெட்டுக்கல்லைப் பற்றிச் சொன்னால் ராபர்ட் புரூஸ் ஃபுட்டைச் சொல்லாமல் எப்படி? 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். கடைசிக் காலத்தில் நம் ஏற்காட்டில்தான் வீடு. 1912இல் இறந்தார், ஏற்காடு சர்ச்சுக்குள் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அவர் மாமனார் பெர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், பெர்சிவல் இறந்தது ஏற்காட்டில்தான். சேர்வராயன் மலையில் தேய்த்து வழுவழுப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவற்றைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிட்டார்கள். நம் அம்மா பூஜையறையில் வைத்திருந்த கல்லும் அதேதான் என்று நான் எத்தனையோ முறை

வசந்தா பெரியம்மா: கல்லைப் பற்றிப் பேச வேண்டாம்

பாலு சித்தப்பா: இல்லை அண்ணி, காப்பிச் செடிக்குக் குழி தோண்டும்போது அப்பாவுக்குக் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு முனை உளி மாதிரி. குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தேய்த்த கோடு கூடத் தெரியும். சேலம் மியூசியத்தில் கொடுத்தால் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

வசந்தா பெரியம்மா: குங்குமத்தை யார் துடைத்தது?

கார்த்தி: மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டுமாம். 1878ஆம் வருடச் சட்டம் 😄

சுந்தரம் மாமா: இதை வேறு குரூப்பில் போடாதே தம்பி

உமா: அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன்: "பாலு, அந்த மியூசியத்துக்கு இந்தச் சாமானெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஆள் சொல்கிறாரா?"

பாலு சித்தப்பா: சொல்வார் அண்ணா, ஆனால் மேலோட்டமாகத்தான். ஈஸ்டர் தீவுச் சிலையை 1868இல் இங்கிலீஷ் கப்பற்படைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதைத் திருப்பிக் கொடு என்று அந்தத் தீவுக்காரர்கள் கேட்கிறார்கள். அந்த இடத்தில் அவர் இன்னும் உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மற்றபடி பேச்சில் குறை சொல்ல முடியாது.

உமா: "அப்படியென்றால் கல் வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார்.

பாலு சித்தப்பா: அண்ணா, சேலம் மியூசியம் லண்டன் இல்லை. டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உமா: சிரிக்கிறார். மிளகுச் சிமிழ் முதலில் வேண்டுமாம். இங்கிலீஷிலேயே கேட்டுப் பார்க்கிறாராம், புரியாத இடத்தில் உங்களுக்கு ஃபோன் போடுவாராம்.

கார்த்தி: ராத்திரி 9.15க்குப் போடுவார்

செல்வி அத்தை: நான் வெள்ளிக்கிழமை மிளகு ரசம் வைத்துக் கொண்டுவருகிறேன். தட்டுவடை செட் வாங்கட்டுமா?

வசந்தா பெரியம்மா: காரம் வேண்டாம்

செல்வி அத்தை: மிளகு என்ன காரம்?

சுந்தரம் மாமா: நம் மிளகு காரம்தான்

உமா: வீட்டு ஸ்பீக்கர் ரிப்பேர். யாராவது ஒன்று கொண்டுவர முடியுமா? கார் கதை என்ன ஆயிற்று?

பாலு சித்தப்பா: ஸ்பீக்கரா, இயர்ஃபோனா எது நல்லது என்று விவரமாக எழுதுகிறேன்

கார்த்தி: வேண்டாம் அப்பா