புதுப்பிப்பு: அம்மாவுடன் உடுமலையிலிருந்து பழனிக்கு

முழங்கால் வலியுள்ள அம்மாவைப் பாதயாத்திரைக்கு அழைத்துப் போகலாமா என்று மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். சுமார் 35 கிலோமீட்டர், இரண்டு நாள், இரவு மடத்துக்குளத்தில். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிறுத்திவிட்டோம். அம்மா நடந்தது பாதிதான். மீதித் தூரம் மாமாவின் கார். “ஏறி வந்ததையும் முருகன் கணக்கில் சேர்த்துக்கொள்வான் கண்ணு” என்று அம்மாவே தீர்ப்பும் சொல்லிவிட்டார். கொப்புளம் வந்தது எனக்குத்தான், புது ஷூ போட்ட புத்திசாலிக்கு! மலையில் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். ரோப் காரை நம்பிப் போனோம். காற்று பலமென்று நிறுத்திவிட்டார்கள். விஞ்சில் (மலைமேல் இழுத்துச் செல்லும் ரயிலில்) ஏறினோம். வரிசை நீளம், மடக்கு நாற்காலி கட்டாயம். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, அடுத்த தைப்பூசத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து தொடங்கலாமா என்கிறார்.