டேக் அடிக்கும்போது கேட்டமரான் பாதியில் நின்றுவிடுகிறது

இரண்டு பேர் ஓட்டும் ஹோபி 16, இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. காற்றை எதிர்த்துப் போகும்போது டேக் அடித்தால், அதாவது மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கம் திருப்பினால், பாதித் திருப்பத்தில் மூக்கு காற்றுக்கு நேராக நின்று, படகு பின்னால் நகர ஆரம்பிக்கிறது. பெயர் என்னவோ நம் கட்டுமரத்திலிருந்து போனது, நம் பேச்சைத்தான் கேட்பதில்லை.

கடைசி மூன்று விடுமுறை வார இறுதிப் பந்தயங்களிலும் இதே கதை. காற்று 6 முதல் 8 நாட் (மணிக்குச் சுமார் 11 முதல் 15 கி.மீ.), கூடவே குட்டி அலைகள் இருந்தால்தான் இப்படி. 12 நாட்டுக்கு மேல் ஒழுங்காகத் திரும்புகிறது. டேகர்போர்டு (தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இல்லாத படகு மெதுவாகத்தான் திரும்பும், சரி. ஆனால் போன முறை முதல் மிதவைக்கு முன்பே ஐந்து படகுகள் தாண்டிவிட்டன.

இரண்டு சுக்கான்களும் முழுசாக இறங்கிப் பூட்டியிருக்கின்றன, ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கின்றன. சுக்கானை வெடுக்கென்று திருப்பாமல் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். மூக்கு காற்றைக் கடக்கும்வரை முன்பாயைப் பழைய பக்கத்திலேயே பிடித்து வைக்கிறோம். பின்னால் நகரும்போது சுக்கானை மாற்றித் திருப்பித் தப்பிக்கிறேன், அதற்குள் வேகம் போய்விடுகிறது. அப்புறம் மிச்சமிருப்பது பெரிய பாயின் கயிறுதான். அதைத் திருப்பம் முடியும்வரை இறுக்கியே வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரி மெல்லிய காற்றில் அந்தக் கயிற்றைத் திருப்பத்தின் எந்த இடத்தில், எத்தனை அடி விடுகிறீர்கள்?