கடல் உயிரியல் எம்.எஸ்சி.யா, பி.எஃப்.எஸ்சி.யா?

கேள்வி – கரைவலை:
பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பெண். கடல் உயிரியலாளராக வேண்டும் என்பது ஆசை. விலங்கியல் பட்டம் முடித்துப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்தில் எம்.எஸ்சி. கடல் உயிரியல் சேரலாம். இல்லையென்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலை). எது சரி?

கொற்கை:
பி.எஃப்.எஸ்சி.தான். பிளஸ் டூ மதிப்பெண்ணில் இடம் கிடைக்கும், நீட் தேவையில்லை. அதன் முதுநிலையான எம்.எஃப்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் பி.எஃப்.எஸ்சி. கேட்கிறார்கள், விலங்கியல் படித்தவர் பிறகு அந்தப் பக்கம் திரும்புவது கஷ்டம். பவளப்பாறை, கடற்புல் ஆய்வு வேலைகளில் பெரும்பகுதி திட்டப்பணி. நிதி முடிகிற மாதம் வேலையும் முடியும்.

வெள்ளாறு:
ஏற்க முடியாது நண்பரே. அந்தப் பெண் கேட்டது கடல் உயிரியல், மீன் வளர்ப்பு இல்லை. பரங்கிப்பேட்டை மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது, பிச்சாவரம் அலையாத்திக் காடும் பக்கம். காலையில் வலை இழுத்தால் மிதவை உயிரிகள் உயிரோடு நுண்ணோக்கிக்கு வந்துவிடும். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி.

நெய்தல்:
ஜே.ஆர்.எஃப். 'வாங்கினால்' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் 13 அலகுகள். கடல் உயிரியலுக்கென்று ஓர் அலகுகூட இல்லை. 200 மதிப்பெண்ணில் பாதி சி பிரிவில், 25 கேள்விக்குத் தலா 4. மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல் சோதனை முடிவைக் காட்டி விளக்கம் கேட்பார்கள். மீன் வகைப்பாட்டில் கெட்டியானவர்கள் தடுமாறுவது அங்கேதான். எம்.எஸ்சி. சேர்ந்தபிறகு ஆரம்பித்தால் தாமதம். இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

கொற்கை:
அதைத்தான் சொல்கிறேன். தேர்வு கைகூடாவிட்டால் என்ன செய்வது? மரக்காணம் பக்கத்து இறால் ஹேச்சரிகளுக்கு (குஞ்சு பொரிப்பகங்களுக்கு) ஆள் வேண்டும், அதுவும் உயிரியல்தான். முட்டையிலிருந்து வந்த முதல் நிலைக் குஞ்சான நாப்ளியஸ் உடலிலுள்ள மஞ்சள் கருவிலேயே பிழைக்கும். அடுத்த நிலையான ஜோயியா ஆன அந்த நேரத்தில் கீட்டோசெராஸ் பாசி தொட்டியில் தயாராக இல்லையென்றால் பட்டினியில் கொத்தாகச் சாகும். பீக்கரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு ஜோயியாவும் நீளமாகக் கழிவு நூல் இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும். நூல் அறுந்திருந்தால் தீனி எடுக்கவில்லை. நடு இரவிலும் இதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வெள்ளாறு:
ஹேச்சரி வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி என்ன வாழ்கிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்த அறிவு ஹேச்சரியில் வராது.

நெய்தல்:
பெயர் சொல்ல வேண்டுமானால், பிடித்துவந்த உயிரி மாதிரி கெடாமல் இருக்க வேண்டுமே! இரண்டு படிப்பிலும் இது அரைகுறையாகத்தான் வருகிறது. பதப்படுத்தக் கடைச் சரக்கு ஃபார்மலின் (ஏறக்குறைய 40% ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஒரு பங்கு, மாதிரி ஒன்பது பங்கு. அதுதான் 4% ஃபார்மால்டிஹைடு. '4% ஃபார்மலின்' என்று நினைத்து நூறில் நாலு ஊற்றினால் மாதிரி அழுகும். போராக்ஸ் போட்டு அமிலத்தை முறிக்காவிட்டால் சிப்பி இளவுயிரிகளின் ஓடு கரைந்துவிடும், பிறகு எந்த நிபுணராலும் இனம் சொல்ல முடியாது. டி.என்.ஏ. எடுக்கப்போகும் மாதிரிக்கு ஃபார்மலின் ஆகவே ஆகாது, 95% எத்தனால். வலை வாயில் ஃப்ளோமீட்டர் (நீர் ஓட்ட அளவி) கட்ட மறந்தால் எத்தனை கனமீட்டர் நீர் வடிந்தது என்று தெரியாது. எண்ணிய எண்ணிக்கை முழுக்க வீண்.

வெள்ளாறு:
உண்மை. அனுமதியையும் சேருங்கள். கடலட்டை, கடல்குதிரை, பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதி இல்லாமல் ஒன்றை எடுத்தாலும் குற்றம். ஆய்வுக்கு என்றாலும் விலக்கில்லை. எம்.எஸ்சி. ஆய்வுத் தலைப்பை அனுமதி வாங்கும் காலத்தையும் கணக்கில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொற்கை:
அப்படியென்றால் சேரும் முன் அந்தப் பெண் கல்லூரியில் இதைக் கேட்கட்டும்: வருடத்தில் எத்தனை நாள் படகு? ஆளுக்கு ஒரு நுண்ணோக்கியா, ஐந்து பேருக்கு ஒன்றா? பதில் பரங்கிப்பேட்டைக்குச் சாதகமாக வந்தால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

நெய்தல்:
நீச்சலை இந்தக் கோடையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். மாதிரிப் புட்டிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதப் பழகட்டும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.